இரை அறை

சித்தப்பா தரையில் மண்டியிட்டு, குளிர்பெட்டியின் அடிப்பாகத்தில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். பெட்டிக்குள் அவருடைய அண்ணன் படுத்திருந்தார். கூடத்தில் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள், தம்பி அண்ணனிடம் கடைசியாக ஏதோ பேசுகிறார் என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டார்கள். ஓர் அம்மாள் மூக்கை உறிஞ்சினாள்.

அவர் கேட்டுக்கொண்டிருந்தது கம்ப்ரஸரை என்பது அந்த அண்ணனின் மகளுக்கு மட்டும்தான் தெரிந்தது. அவளும் காலையிலிருந்து அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன சித்தப்பா?"

"விட்டு விட்டு ஓடுதும்மா. கூலிங் காயில் பூரா தூசி. வாடகைக்கு விடறவன் ஒரு நாளாவது இதைச் சுத்தம் பண்ணியிருப்பானா?" அவர் நிமிர்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டார். "ஆயுசு முழுக்க ஐஸோட வாழ்ந்த மனுஷனுக்குப் போய் இப்படி ஒரு மெஷினைக் கொண்டுவந்து வச்சிருக்கான் பாரு. அண்ணன் எழுந்தார்னா முதல்ல இதைத்தான் திட்டுவார்."

மகள் எழுந்து போய்த் தன் கைப்பையிலிருந்து அகலமான ஒரு மென்தூரிகையை எடுத்துவந்து கொடுத்தாள். ஆவணக் காப்பகத்தில் பழைய தாள்களின் மேல் படிந்த தூசியைத் தள்ளுவதற்கு அவள் வைத்திருக்கும் தூரிகை. சித்தப்பா அதை ஒருமுறை விரலால் நீவிப் பார்த்துவிட்டு, மறுபடி குனிந்து காயில் கம்பிகளின் இடுக்குகளை வருடினார். சாம்பல் நிறத்தில் திரிதிரியாகத் தூசி விழுந்தது. கொஞ்ச நேரத்தில் இயந்திரத்தின் இரைச்சல் சீரானது. இருவரும் ஒரே சமயத்தில் மூச்சை விட்டார்கள்.

"நல்ல பிரஷ்," என்றார் சித்தப்பா.

"வச்சுக்குங்க."

பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த அத்தை இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் இடையில் பிறந்தவள். "ஒருத்தர் கண்ணுலயாவது ஒரு சொட்டுத் தண்ணி இருக்கா பாரு," என்று பொதுவாகச் சொன்னாள். அம்மா பெட்டியின் கண்ணாடி மேல் கையை வைத்தபடி இருந்தாள். அவள் விரல்களைச் சுற்றிக் கண்ணாடியில் ஈரம் கோத்திருந்தது.

அப்பா முந்தின நாள் மாலை ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். துறைமுகத்தை ஒட்டி அவரும் சித்தப்பாவும் சேர்ந்து நடத்திவந்த மீன் குளிர்கிடங்குக்கு அன்று காலைகூட ஃபோன் பண்ணி, இரண்டாவது அறையின் கதவு ரப்பரை மாற்றியாகிவிட்டதா என்று கேட்டிருக்கிறார். மாற்றியாகிவிட்டது என்று சித்தப்பா பொய் சொன்னார். ராத்திரி வீட்டுக்கு வரும் வழியில் கிடங்குக்குப் போய் மாற்றிவிட்டுத்தான் வந்தார். வெளிநாட்டிலிருந்து மகளின் தம்பி சாயங்காலம் வந்து சேருவான். அவன் வந்ததும் எடுப்பதாக ஏற்பாடு.

கிடங்கு வண்டியின் டிரைவர் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். கையில் ஆஸ்பத்திரித் தாள்.

"திருப்பிக் கொடுத்துட்டாங்க. கையெழுத்து செல்லாதாம்."

"ஏன்?"

"நீங்களும் பென்சில்ல போட்டிருக்கீங்க, சின்ன முதலாளியும் பென்சில்ல போட்டிருக்கார். இறப்புச் சான்றுக்கு யாராவது பென்சில்ல கையெழுத்துப் போடுவாங்களா, அழிச்சிட்டு ஆளை எழுப்பப் போறீங்களான்னு அந்த கிளார்க் கேக்கறார்."

மகளும் சித்தப்பாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். காப்பகத்துக்குள் பேனாவை எடுத்துக்கொண்டு போக முடியாது. ஒரு துளி மை சிந்தினால் நூறு வருஷத்துத் தாள் போய்விடும். அங்கே எல்லோரும் பென்சிலில்தான் எழுதுவார்கள். குளிர்கிடங்கிலும் பென்சில்தான், ஆனால் காரணம் வேறு. அந்தக் குளிரில் பேனா மை உறைந்துபோகும், எவ்வளவு அழுத்தினாலும் கோடு விழாது. நேற்று மாலை மேஜை மேல் தாள் வந்தபோது இருவரும் பழக்கதோஷத்தில் பையைத் துழாவிப் பென்சிலை எடுத்திருக்கிறார்கள். பக்கத்திலிருந்த அம்மாவுக்கும் அது விசித்திரமாகப் படவில்லை. அப்பாவே வந்து போட்டிருந்தாலும் அப்படித்தான் போட்டிருப்பார்.

"இந்தக் குடும்பத்துல ஒரு பேனா கிடையாதா?" என்று கேட்டுவிட்டு அத்தை தன் பையிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினாள். இருவரும் பென்சில் கோட்டின் மேலேயே மையால் எழுதிக் கொடுத்தார்கள். மகள் கையெழுத்தைப் போட்டு முடித்ததும் மை உலரட்டும் என்று தாளைச் சற்று நேரம் காற்றில் பிடித்திருந்தாள்.

அப்போதுதான் பைண்டரிடமிருந்து ஃபோன் வந்தது.

புத்தகங்களுக்கு அட்டை கட்டும் பைண்டர் என்பது அவர் வேலைக்கு வந்த பதவியின் பெயர். இப்போது அவர் பார்ப்பது வேறு வேலை என்றாலும் காப்பகத்தில் எல்லோருக்கும் அவர் பைண்டர்தான். அனாவசியமாக ஃபோன் பண்ணுகிற ஆள் இல்லை. மகள் பின்கட்டுக்கு நடந்தபடியே எடுத்தாள்.

"அக்கா, இந்த நேரத்துல கூப்பிடறது தப்புதான்."

"சொல்லுங்க."

"மேல்மாடிக் குழாய் ஒடைஞ்சுபோச்சு. ராத்திரி பூரா ஓடியிருக்கு. நில அளவைப் பிரிவுல ரெண்டு வரிசை, மேல இருந்து கீழ வரைக்கும்."

"தெறிச்சிருக்கா, ஊறியிருக்கா?"

"ஊறியிருக்கு. கீழ்த்தட்டுல உப்பிப்போய், இழுத்தா வரமாட்டேங்குது."

"இழுக்காதீங்க. யாராவது எதையாவது திறந்தாங்களா?"

பைண்டர் குரலைத் தாழ்த்தினார். "துணை இயக்குநர் சார் முற்றத்துல விரிக்கச் சொல்லியிருக்கார். வெயில் நல்லா அடிக்குதுங்கறார்."

"ஃபோனை அவர்கிட்ட கொடுங்க."

துணை இயக்குநர் நல்ல மனிதர். இந்த அலுவலகத்துக்கு மாற்றலாகி வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. "அம்மா, நீங்க இருங்க, நாங்க பாத்துக்கறோம்," என்று ஆரம்பித்தார்.

"சார், வெயில்ல வச்சா ஓரம் காயும், நடுவுல ஈரம் அப்படியே நிக்கும். அட்டை முறுக்கிக்கும், பக்கம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும். நாளன்னிக்குப் பார்த்தா பூஞ்சை. விரிச்சதை நிழலுக்குக் கொண்டுவரச் சொல்லுங்க. திறந்திருக்கறதை மூட வேண்டாம், மூடியிருக்கறதைத் திறக்க வேண்டாம்."

"சரி. அப்புறம்?"

"உறைய வைக்கணும். இன்னிக்கே."

"எங்கம்மா உறைய வைக்கறது?"

அந்தக் கேள்விக்குப் பதில் எழுத வேண்டிய இடம் ஒன்று உண்டு. போன வருஷம் தீ, வெள்ளம் போன்ற ஆபத்துகளுக்காக அவள்தான் அலுவலகத்துக்கு ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தாள். யாரைக் கூப்பிடுவது, எந்த அலமாரியை முதலில் காலி செய்வது என்று எல்லாம் அதில் இருந்தது. குளிர்பதன வசதி என்ற இடத்தை மட்டும் வெறுமனே விட்டிருந்தாள்.

அதை எழுதிய வாரம், சாப்பிடும்போது அப்பாவிடம் கேட்டாள். நனைந்த காகிதம் இரண்டு நாள் தாங்கும், அதற்குள் உறைய வைத்துவிட்டால் அப்படியே நின்றுவிடும், பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மாதக்கணக்கில் நிதானமாக உலர்த்தலாம் என்று விளக்கினாள். மெதுவாக உறைந்தால் ஐஸ் ஊசிகள் பெரிதாக வளர்ந்து காகிதத்தின் நாரைக் கிழித்துவிடும், அதனால் வேகமாக உறைய வேண்டும் என்றும் சொன்னாள். அப்பா சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"மீனுக்கும் அதேதான்," என்றார். "மெதுவா உறைய விட்டா சதை கிழிஞ்சிடும். வெளிய எடுத்து வச்சா தண்ணியா ஒழுகும்."

"அப்ப தருவீங்களா? என்னிக்காவது அவசரம்னா?"

"மாட்டேன்."

"ஏன்ப்பா?"

"மீன் அறையில மீன். இன்னிக்குக் காகிதம்னு நீ வருவே, நாளைக்கு இன்னொருத்தன் கட்டிலைத் தூக்கிட்டு வருவான். அதுவும் போக, மீன் நாத்தம் அடிக்கற பத்திரத்தை எந்த ஜட்ஜு கையால தொடுவான்?" என்று சொல்லிவிட்டுத் தன் நகைச்சுவையை ரசித்துக்கொண்டே எழுந்து கை கழுவப் போனார். அவள் வேலையை அவர் என்றுமே குறைத்துச் சொன்னதில்லை. 'காகித டாக்டர்' என்று துறைமுகம் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். ஆனால் மாட்டேன் என்றால் மாட்டேன்தான்.

"எனக்கு ஒரு மணி நேரம் கொடுங்க சார்," என்று சொல்லி மகள் ஃபோனை வைத்தாள்.

அவளுக்கு அந்த இரண்டு வரிசையும் மனப்பாடம். ஊர் ஊராக நிலத்தை அளந்தவர்கள் களத்தில் நின்றே எழுதிய புத்தகங்கள் அவை. கிணறு, வரப்பு, ஓடை, பொதுவழி எல்லாம் கையால் வரைந்தது. வேறு பிரதி கிடையாது. போன வருஷம் ஒரு கிராமத்தில் இடுகாட்டுக்குப் போகிற பாதையைத் தன் நிலம் என்று ஒருவர் வேலி போட்டுவிட்டார். ஊர்க்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கடைசியில் அந்த வரிசையிலிருந்த ஒரு புத்தகத்தில், மங்கிப்போன ஒரு புள்ளிக்கோட்டை அவள்தான் நீதிபதிக்குக் காட்டினாள். மேல்முறையீடு இன்னும் நடக்கிறது. புத்தகம் போனால் பாதையும் போய்விடும்.

சித்தப்பா பின்கட்டுக் குழாயில் கையைக் கழுவிக்கொண்டிருந்தார். அவள் நேராகவே சொன்னாள். அவர் கேட்டு முடித்தார், குழாயை மூடினார், கையைத் துடைத்துக்கொள்ளத் துணி இல்லாமல் அப்படியே நின்றார்.

"நீ கேட்டதும் அண்ணன் மாட்டேன்னதும் எனக்குத் தெரியும்," என்றார். "என்கிட்ட வந்து சொன்னார்."

"தெரியும்னு நினைச்சேன்."

"இருபது வருஷமா அவர் வேண்டாம்னு சொன்ன எதையும் நான் செஞ்சதில்லம்மா. இன்னிக்கு அவர் கூடத்துல படுத்திருக்கார். அவர் தலை சாஞ்சு ஒரு நாள்கூட ஆகல. நான் போய் எப்படிக் கதவைத் திறப்பேன்?"

"அப்பா மாட்டேன்னது மீன் அறையை."

"ஆமா."

"இரை அறையைப் பத்தி நான் கேக்கவே இல்லையே."

கிடங்கின் கடைசியில் தூண்டிலுக்கான இரையை வைக்கும் அறை ஒன்று தனியாக உண்டு. மனிதர் சாப்பிடுகிற எதுவும் அதற்குள் போகாது, அதனால் சோதனைக்கு வருகிற அதிகாரிகளும் அதை எட்டிப் பார்ப்பதில்லை. அளவில் சிறியது. ஆனால் எல்லா அறையையும்விட வேகமாகக் குளிர்வது அதுதான்.

சித்தப்பா அவளைப் பார்த்தார். முந்தின நாளிலிருந்து அவர் முகத்தில் இல்லாத ஏதோ ஒன்று வாயோரத்தில் அசைந்தது. "அப்பன் மாதிரியே பேசறே. அவரும் இப்படித்தான் சந்துல வண்டியைத் திருப்புவார்."

"எங்க கிளம்பறீங்க ரெண்டு பேரும்?" பின்கட்டு வாசலில் அத்தை நின்றிருந்தாள். பேச்சைப் பாதியிலிருந்து கேட்டிருக்கிறாள். "அப்பனைப் பெட்டியில வச்சுட்டு மக ஆபீசுக்குப் போறாளாம். வர்றவங்க கேட்டா நான் என்னன்னு சொல்றது?"

"வேலைக்குப் போயிருக்கான்னு சொல்லுங்க அத்தை."

"வாய்க்குக் குறைச்சலில்ல. ஏம்ப்பா, நீயாவது சொல்லேன். அண்ணன் இருந்தா இதுக்கு ஒத்துக்குவாரா?"

சித்தப்பாவுக்கும் அதுதான் கேள்வி. பேச்சு கூடத்துக்கும் கேட்டிருக்க வேண்டும். அம்மா கண்ணாடியிலிருந்து கையை எடுக்காமல், திரும்பியும் பார்க்காமல், சாதாரணக் குரலில் சொன்னாள்.

"ஒத்துக்க மாட்டார். மாட்டேன்னுதான் சொல்லுவார்."

அத்தை 'பார்த்தியா' என்பதுபோல் கையை விரித்தாள்.

"இவ கல்யாணத்துக்கு வாங்கின பூவை வைக்க ஒரு மூலை கேட்டேன். மாட்டேன்னார். மீன் அறையில மீன்னார். மறுநாள் விடியக்காலையில போய்ப் பார்த்தா, அத்தனை கூடையும் அங்கதான் இருந்தது. இவரே தூக்கிட்டுப் போய் வச்சிருக்கார்." அம்மா கண்ணாடியில் கோத்த ஈரத்தை விரலால் வழித்தாள். "எதுக்குமே முதல்ல மாட்டேன்னுதான் வரும். என்னைப் பொண்ணு பார்க்க வந்தப்பவும் முதல்ல மாட்டேன்னுதான் சொன்னாராம்."

கூடத்தில் யாரோ சிரித்துவிட்டு, சட்டென்று இருமலாக மாற்றினார்கள்.

"நாலு மணிக்குள்ள வந்துடுங்க," என்றாள் அம்மா. "அவன் வந்து இறங்கும்போது நீ இங்க இருக்கணும்."

சித்தப்பா சட்டைப்பையைத் தட்டிச் சாவி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

குளிர்வண்டியை டிரைவர் ஓட்டினார். பின்னால் மீன் அள்ளும் பிளாஸ்டிக் தட்டுகள் அடுக்கடுக்காக ஆடிக்கொண்டே வந்தன. காலையில்தான் கழுவியவை, இருந்தாலும் வாசனை போகவில்லை. காப்பகத்தின் முற்றத்தில் வண்டி நின்றபோது, புத்தகங்கள் படிக்கட்டின் நிழலுக்கு நகர்த்தப்பட்டிருந்தன. துணை இயக்குநர் கால்சட்டையை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, நனைந்த ஒரு புத்தகத்தைக் கையில் வைத்தபடி நின்றிருந்தார். அவளைப் பார்த்ததும் துக்கம் விசாரிக்க வாயைத் திறந்தார். அதோடு, தன்னையறியாமல் புத்தகத்தையும் திறக்கப்போனார்.

"வேண்டாம் சார்," என்றாள் மகள்.

இரண்டுக்கும் அது போதுமாக இருந்தது.

அதன் பிறகு அவள் சத்தம் போட்டு எதுவும் சொல்லவில்லை. கையைக் காட்டினாள், ஆட்கள் நகர்ந்தார்கள். விளக்கை அணைத்து, ஜன்னல்களைத் திறந்து, தரைத் தண்ணீரை வழித்துத் தள்ளினார்கள். கீழ்த்தட்டில் இறுகி நின்ற புத்தகங்களை இழுக்காமல், பக்கவாட்டுப் பலகையைக் கழற்றச் சொன்னாள். பலகை விலகியதும் அவை தாமாகவே தளர்ந்தன. ஒவ்வொன்றையும் மெழுகுத்தாளில் சுற்றி, முதுகு கீழே இருக்கும்படி தட்டில் நிறுத்தி, நெருக்காமல் ஒரு விரல் இடம் விட்டு அடுக்கினார்கள். தட்டின் ஓரத்தில் அட்டைத்துண்டு கட்டி, எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று பைண்டர் எழுதினார். பென்சிலில்தான்.

சித்தப்பா முதலில் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு வரிசையில் சேர்ந்துகொண்டார். உப்பிப்போன புத்தகத்தின் அடியில் இரண்டு உள்ளங்கையையும் கொடுத்து, வயிற்றைத் தாங்குவதுபோல் தூக்கினார்.

"யார் சொல்லிக் கொடுத்தாங்க உங்களுக்கு?" என்றார் பைண்டர்.

"பெரிய மீனை வாலைப் பிடிச்சா தூக்குவாங்க?"

"அதானே," என்றார் பைண்டர். கொஞ்ச நேரம் கழித்து, "உங்க அண்ணன், அதான் ஐஸ்காரர், ஒருதரம் இங்க வந்திருக்கார், தெரியுமா? மகளைக் கூட்டிட்டுப் போக வந்தவர், உள்ள வந்து எங்க ஏ.சி.யைப் பார்த்துட்டு, இதுக்கு ஒரு விசிறி போதும்னுட்டுப் போனார்," என்றார்.

சித்தப்பா குனிந்து அடுத்த புத்தகத்தை எடுத்தார். அதை எடுக்க வழக்கத்தைவிடச் சற்று அதிக நேரம் ஆயிற்று.

இரண்டாவது வரிசையின் கடைசித் தட்டில் அந்தப் பாதைப் புத்தகம் இருந்தது. முதுகில் இருந்த எண்ணைப் பார்க்காமலே மகளுக்கு அதைத் தெரியும். மூலையில் எலி கடித்த இடத்தை அவள்தான் ஒட்டுப் போட்டிருந்தாள். இப்போது இரண்டு மடங்கு தடித்து, அட்டை விட்டு, பக்கங்களின் ஓரத்தில் பழுப்பு நீர் கசிந்துகொண்டிருந்தது. கசிந்தது அட்டையின் சாயமா, உள்ளே எழுதிய மையா என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. புள்ளிக்கோடு இருந்தது நடுப்பக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால். கட்டைவிரலால் லேசாக நெம்பினால் போதும், தெரிந்துவிடும்.

துணை இயக்குநருக்கும் அது எந்தப் புத்தகம் என்று தெரிந்திருந்தது. "ஒரே ஒரு பக்கம் பார்த்துடலாமாம்மா? மேல இருந்து கேப்பாங்க."

"பார்த்தா கிழியும் சார். இருந்தா அங்கதான் இருக்கும்."

மெழுகுத்தாளை எடுத்து மற்றவற்றைப் போலவே அதையும் சுற்றினாள். மற்றவற்றைப் போலவே தட்டில் நிறுத்தினாள். கை ஈரத்தை உடையில் துடைத்துக்கொண்டு அடுத்ததற்கு நகர்ந்தாள்.

கிடங்கில் ஆட்கள் யாரும் இல்லை. எல்லோரும் துக்க வீட்டில் இருந்தார்கள். முதலாளி போய்விட்டார் என்று இயந்திரங்களுக்கு யாரும் சொல்லவில்லை, அவை ஓடிக்கொண்டிருந்தன. இரை அறையிலிருந்த பெட்டிகளைச் சித்தப்பாவும் டிரைவரும் ஒரு பக்கச் சுவரோடு ஒதுக்கினார்கள். கதவில் ஓர் அட்டை தொங்கியது. 'இரை மட்டும்' என்று அப்பாவின் கையெழுத்து. பக்கத்தில் ஒரு கயிற்றில் பென்சில்.

சித்தப்பா அட்டையின் முன்னால் நின்றார். பென்சிலைக் கையில் எடுத்து, 'மட்டும்' என்ற சொல்லின் மேல் கொண்டுபோனார். அடிக்கவில்லை. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், 'காகித டாக்டரின் புத்தகங்கள்' என்று எழுதினார்.

"இப்ப சரியா இருக்கு," என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

கதவுக்குப் பக்கத்துக் கொக்கியில் அப்பாவின் தடித்த கோட்டு மாட்டியிருந்தது. மகள் அதை எடுத்துப் போட்டுக்கொண்டாள். கை நீளம். இரண்டு மடிப்பு மடித்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள். டிரைவர் வாசல் வரை கொண்டுவந்து கொடுத்த தட்டுகளை, காற்று சுற்றிவர இடம் விட்டு, ஒன்றை ஒன்று தொடாமல் அலமாரிகளில் வைத்தாள். விசிறிகள் முகத்தில் அறைந்தன. பாதைப் புத்தகம் இருந்த தட்டைக் குளிர்காற்று நேராக விழும் இடத்தில் வைத்தாள். அவள் திரும்புவதற்குள் மெழுகுத்தாளின் மேல் வெள்ளைப் பொடி படரத் தொடங்கியிருந்தது. ஓரத்தில் நின்ற பழுப்புத் துளி ஒன்று விழாமல், விழப்போகிற உருவத்திலேயே நின்றுவிட்டது.

"உள்ள இருக்கறது அழிஞ்சிருக்குமா?" வாசலிலிருந்து சித்தப்பா கேட்டார்.

"எடுத்து உலர்த்தும்போதுதான் தெரியும். அழிஞ்சிருக்காதுன்னு நினைக்கறேன். அந்தக் காலத்து மை, லேசுல விடாது."

"எப்ப எடுப்பே?"

"அவசரமில்ல சித்தப்பா. இனிமே அது காத்திருக்கும்."

கடைசித் தட்டையும் வைத்துவிட்டு அவள் வெளியே வந்தாள். சித்தப்பா கனத்த கதவை இழுத்துச் சாத்தினார். புது ரப்பர் கச்சிதமாகப் பொருந்தியது. உள்ளேயிருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

வெளிக்காற்று பட்டதும் அவள் மூக்குக்கண்ணாடியின் வில்லைகள் இரண்டும் வெள்ளையாகிவிட்டன.

சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு இங்கேதான் வந்து காத்திருப்பாள். அப்பா இந்தக் கதவிலிருந்து வெளியே வந்ததும், கண்ணாடி வெளுத்துப்போய், இருந்த இடத்திலேயே நிற்பார். கையெல்லாம் மீன், துடைக்க முடியாது. 'துடைச்சுவிடட்டுமாப்பா' என்று அவள் கேட்டால் 'தானா போயிடும்' என்பார். அவருக்குக் கண் தெரியாத அந்தக் கொஞ்ச நேரத்தில் அவள் எதிரே நின்று நாக்கைத் துருத்துவாள், பழிப்புக் காட்டுவாள், கோணல் முகம் வைப்பாள். கண்ணாடி தெளியும்போது நல்ல பிள்ளையாக நிற்பாள். அவர் ஒருநாளும் கண்டுபிடித்ததில்லை என்று வெகுகாலம் நம்பிக்கொண்டிருந்தாள்.

சித்தப்பாவின் ஃபோன் அடித்தது. இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைத்தார். "உன் தம்பி இறங்கிட்டானாம். வீட்டுக்கு வந்துட்டிருக்கான்."

"சரி."

"கண்ணாடியைத் துடைச்சுக்கோம்மா. கிளம்பலாம்."

"தானா போயிடும் சித்தப்பா."

அவர் வண்டியைக் கிளப்ப வேண்டாம் என்று டிரைவருக்குச் சைகை காட்டிவிட்டு, சாவிக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றார். அவள் கோட்டைக் கழற்றாமல், மடித்துவிட்ட கைகளைத் தொங்கவிட்டபடி, வெளுத்த கண்ணாடியோடு துறைமுகத்தைப் பார்த்து நின்றாள். வழக்கமாகத் தெளிய ஆகும் நேரத்தைவிட அன்றைக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஆயிற்று. சித்தப்பா அவசரப்படுத்தவில்லை.